சதுரத்தைப் பிளந்து பின்னம் காட்டியவர்

மூன்றில் ஒன்று பெரிதோ, நான்கில் ஒன்று பெரிதோ என்று பாலர் வகுப்பைத் தாண்டி வந்த ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்றே பெரிது என்று தயங்காமல் விடை வரும். மூன்றினும் நான்கு பெரிதன்றோ? பிள்ளையின் தருக்கத்திற் பழுது இல்லை. நேற்றுவரை அது கற்ற எண்கள் யாவும் அந்த நெறியிலேயே நின்றன. பகுதியெண் பெருகப் பெருகப் பங்கு சிறுகும் என்பது அதற்கு முற்றிலும் புதியதோர் உலகம். அவ்வுலகத்தின் கதவைச் சொல்லாலே திறக்க முயன்ற உபாத்தியாயர்கள் எண்ணிறந்தோர். கண்ணாலே திறக்கலாம் என்று துணிந்து, அதற்கென்றே சதுரங்களை வரைந்து, ஏழைப் பிள்ளைகளின் முன்னே தூக்கி வைத்த ஒருவருடைய சரிதத்தை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் சுவிற்சலாந்து தேசத்தவராகிய யோகான் ஐன்றிச் பெஸ்டலோசி.

ஆசிரிய கலாசாலைகளிலே கல்விக் கொள்கை படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. ரூசோவுக்குப் பின்னும் புரோபெலுக்கு முன்னும் இவர் வருவார். தலை, உள்ளம், கை என்னும் மூன்றையும் ஒருங்கே வளர்க்க வேண்டும் என்றவர் என ஒரு குறிப்பு இருக்கும். பரீட்சை முடிந்த மறுநாள் அந்தக் குறிப்பும் போய்விடும், பெஸ்டலோசியும் போய்விடுவார். அவர் வரைந்த சதுரங்களைப் பற்றி நான் படித்த குறிப்புகளில் ஒரு சொல்லும் இருந்ததில்லை. அந்தக் குறை நெடுநாளாக என் மனத்தில் உண்டு.

பெஸ்டலோசி 1746ஆம் ஆண்டு சனவரி மாதம் 12ஆந் திகதி சூரிச் நகரிலே பிறந்தார். தந்தையார் ஒரு சத்திர வைத்தியர். பிள்ளைக்கு ஐந்து வயதாய் இருக்கும்போது, 1751இலே, அவர் காலமானார். இறக்குந் தறுவாயில் வீட்டு வேலைக்காரப் பெண்ணை அழைத்து, குடும்பத்தைக் கைவிடாதிருக்கும்படி கேட்டுக்கொண்டார். பாபெலி என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண் அவ்வாறே வாக்களித்தாள். வாக்கைக் காத்தும் நின்றாள். தாயும் அவளுமாகப் பிள்ளைகளை வளர்த்தார்கள். உடுப்பும் சப்பாத்தும் தேய்ந்துவிடும் என்று பிள்ளைகளைத் தெருவில் விளையாடவிடாமல் வீட்டுக்குள்ளே வைத்திருந்த வறுமை அது. வெளியுலகம் தெரியாமல் வளர்ந்தபடியாற் பள்ளித் தோழர்களுக்கு அவர் பரிகாசப் பொருளானார். பாட்டனார் அயற் கிராமம் ஒன்றிலே குருவாய் இருந்தார். விடுமுறையில் அவரோடு ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்த காட்சிகள் மாத்திரம் பிள்ளை மனத்தில் ஆழப் பதிந்தன.

படித்து உயர்ந்த பின் குருத்துவத்தை நினைத்தார். அதை விட்டுச் சட்டத்தை நினைத்தார். ரூசோவின் 'எமீல்' என்ற நூலைக் கற்று அதிலே மூழ்கியவர் அதையும் விட்டு உழவுக்கு வந்தார். ஆர்காவ் பகுதியிலே பிர் என்னும் ஊரருகே நிலம் வாங்கினார். நம் மன்னார்ப் பக்கத்துச் சாயவேரைப் போலச் செந்நிறம் தரும் வேருடைய ஒரு செடியைப் பயிரிட்டுச் செல்வம் சேர்க்கலாம் என்பது திட்டம். 1769இல் அன்னா சூல்தெஸ் என்னும் பெண்மணியை மணந்தார். அவர் இவரிலும் ஏறக்குறைய எட்டு வயது மூத்தவர். வசதியுள்ள வணிகர் வீட்டுப் பெண். பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக வந்தவர். அன்று தொடங்கி நாற்பத்தாறு ஆண்டுகள், கணவர் எடுத்த காரியங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்ததைப் பார்த்துக்கொண்டே உடன் இருந்தார். கொண்டுவந்த பொருளிற் பெரும்பகுதியும் அந்த நிலத்திலே கரைந்தது.

பயிர் வாய்க்கவில்லை, கடன் கொடுத்தவர் பின்வாங்கினர். இன்னொருவராயின் ஊரைவிட்டே போயிருப்பார். பெஸ்டலோசியோ, 1774ஆம் ஆண்டளவில், நொய்ஹோப் என்ற அந்தப் பண்ணை வீட்டிலே பிச்சையெடுத்துத் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். பருத்தி நூற்கவும் நெய்யவும் கற்றுக்கொடுத்தார். இராட்டினம் சுழலும்போதே வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளின் உழைப்பிலேயே பள்ளி தன் செலவைத் தானே தாங்கும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குத் தவறியது. பள்ளி 1780இல் மூடுண்டது.

அக்காலத்துச் செய்தி ஒன்றை இங்கே சொல்லாமல் விட முடியாது. அவருக்கு ஒரே மகன். ரூசோவின் பெயரையே சூட்டியிருந்தார். 1774இல், பிள்ளைக்கு மூன்றரை வயதாய் இருக்கும்போது, பாடம் தொடங்கி, அன்றன்று நடந்ததை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். கல்வி வரலாற்றாசிரியர் அந்தக் குறிப்பைப் பெரிதும் போற்றுவர். எனக்கு அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் குழந்தையின் மேலேதான் இரக்கம் உண்டாகிறது. ஒரு பொழுது முழுச் சுதந்திரம், மறுபொழுது கடுமையான பயிற்சி என்று தந்தையின் கொள்கைக்குள் அகப்பட்ட பிள்ளை அது. வலிப்பு நோயால் நலிந்து, தந்தைக்கு முன்பே 1801இல் இறந்துபோனான். உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வழி கண்டவருக்குத் தம் பிள்ளை விளங்காப் பொருளாகவே இருந்துவிட்டது.

பள்ளி மூடிய பின் பதினெட்டு ஆண்டுகள் எழுதுகோலே அவர் கருவி. 1781இலே 'லீன்ஹார்ட்டும் கெர்ட்றூடும்' என்ற கதை நூலின் முதற்பாகம் வெளிவந்து அவரைப் புகழின் உச்சியிலேற்றியது. ஒரு கிராமத்துக் கொத்தனும், அவனைக் குடியினின்று மீட்கும் மனைவியும் கதைத் தலைவர்கள். வாசித்தவர்கள் கதையை வியந்தார்கள். உள்ளே பொதிந்திருந்த கல்வி முறையைக் கவனித்தவர் சிலரே. அந்தத் தாய் தன் பிள்ளைகளுக்கு எண் கற்பிக்கும் முறையைப் பாருங்கள். அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை எத்தனை அடி என்று நடந்து எண்ணச் சொல்லுகிறாள். யன்னலிலே ஐந்தைந்து கண்ணாடிகளாக இருக்கும் இரண்டு வரிசைகளைக் காட்டிப் பத்தின் இயல்பை விளக்குகிறாள். நூற்கும்போது இழையை எண்ண வைக்கிறாள். ஏடும் இல்லை, பலகையும் இல்லை, வீடே எண்சுவடி. பிற்காலத்து அட்டவணைகளுக்கு இந்த யன்னலே வித்து என்பது என் எண்ணம். சட்டமிட்ட ஒரு சதுரம், அதற்குள்ளே சமமான பங்குகள். வேறென்ன வேண்டும்?

1798ஆம் ஆண்டு அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பிரெஞ்சுப் படையின் ஆதரவோடு சுவிற்சலாந்திலே புதிய அரசு அமைந்தது. அதை ஏற்க மறுத்த நீட்வால்டன் பகுதியை அவ்வாண்டு செப்டெம்பரிலே படை சூறையாடியது. ஸ்ரான்ஸ் என்ற ஊரில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றனர். பெஸ்டலோசி தாமே கேட்டுப் பெற்று அங்கே போனார். கன்னியர் மடம் ஒன்றின் ஒரு பகுதியில், வேலைகூட முடியாத அறைகளிலே, 1799 சனவரியிற் பிள்ளைகளை ஏற்றார். ஏறக்குறைய எண்பது பேர். சிரங்கும் பேனும் பட்டினியும் பிடித்த பிள்ளைகள். துணைக்கு ஒரு வீட்டுப் பணிப்பெண் தவிர வேறு எவரும் இல்லை. அவர்களோடு உண்டு, அவர்கள் நடுவிலே உறங்கினார். புத்தகம் இல்லாத பள்ளி. பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே ஆசிரியர். சூனிலே படையினருக்கு வைத்தியசாலை வேண்டும் என்று கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மாதத்தில் அந்த முயற்சியும் முடிந்தது. இரத்தம் கக்கும் நிலையில் அவர் மலையிலே ஓய்வெடுக்கப் போனார். ஆயினும் அவர் வாழ்நாளிலே கைகூடிய காரியம் எது என்று கேட்டால் ஸ்ரான்சையே நான் சொல்வேன். அங்கேதான் அவர் கல்வியைப் பற்றி எழுதுபவர் என்ற நிலை நீங்கிப் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஆனார்.

அதே ஆண்டிற் புர்க்டோர்ப் என்ற ஊருக்குப் போனார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளியிலே இடம் கிடைத்தது. அந்தப் பள்ளியின் தலைவர் சப்பாத்துத் தைப்பவர். ஒழிந்த நேரத்தில் உபாத்தியாயர். சமய வினாவிடையையும் சங்கீதங்களையும் மனனம் பண்ணுவிப்பதே அங்கே கல்வி. புதிதாக வந்த கிழவர் புத்தகத்தையே தொடாமல், பிள்ளைகளைக் கூடிச் சொல்ல வைப்பதும் கோடு கீற வைப்பதுமாய் இருந்தார். இவருக்கு எழுதவும் கணக்குப் பார்க்கவும் சரியாகத் தெரியாதாம் என்ற பேச்சு ஊரிலே பரந்தது. பேச்சிற் பொய்யில்லை. அவர் எழுத்து விகாரமானது. கணக்கிலும் அவர் வல்லவரல்லர். இரண்டையும் அவரே ஒப்புக்கொண்டவர். பெற்றோர் கூடி அவரை வெளியேற்றினார்கள். ஐந்து வயது முதல் எட்டு வயதுவரையான சின்னஞ்சிறாரின் பள்ளி ஒன்றிலே மறுபடி இடம் கிடைத்தது. அடுத்த வருடம் மார்ச்சு மாதம் பள்ளியைச் சோதித்தவர்கள், எட்டு மாதத்திலே அக்குழந்தைகள் வாசிப்பிலும் வரைதலிலும் கணக்கிலும் பெற்றிருந்த தேர்ச்சியைக் கண்டு பாராட்டு எழுதிக்கொடுத்தார்கள்.

கணக்கில் வல்லவரல்லாத ஒருவரிடம் கணக்கு அவ்வளவு இலகுவாக நடந்தது எப்படி? வல்லவருக்குப் படிகள் தெரிவதில்லை. ஒரே பாய்ச்சலில் ஏறிவிடுகிறார். இவர் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியவர். ஆகவே படிகளை எண்ணி வைத்தார். கல்விக்கு எண், வடிவு, சொல் என்னும் மூன்றே அடிப்படை என்று முடிவு கட்டினார். முதலிலே விரல், பயறு, கூழாங்கல் ஆகியவற்றைப் பிள்ளையின் கையிற் கொடுத்தார். கைக்குப் பழகிய பின் கோடுகள். கோடு கண்ணுக்குப் பழகிய பின்பே இலக்கம். 1800இல் ஹேர்மன் குரூசி என்ற இளம் ஆசிரியர் அனாதைப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு வந்து அவரோடு சேர்ந்தார். புர்க்டோர்ப்புக் கோட்டையிலே கல்விக்கூடம் ஒன்று எழுந்தது. 1801இல் 'கெர்ட்றூட் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை' வெளிவந்தது. 1803இலிருந்து கணக்குப் பயிற்சி நூல்கள் வந்தன. அட்டவணைகள் மூன்றும் அவற்றிற்கு உயிர்.

முதலாவது அலகு அட்டவணை. பத்து வரிசை; வரிசைக்குப் பத்துக் கட்டம். முதல் வரிசையிலே கட்டத்துக்கு ஒரு கோடு, இரண்டாம் வரிசையில் இரண்டு, இப்படியே பத்தாம் வரிசையிற் கட்டத்துக்குப் பத்துக் கோடு. பெருக்கல் வாய்பாட்டைக் கண்ணாற் காணும் வகை இது.

இரண்டாவதிலே பின்னம் பிறக்கிறது. இங்கும் பத்து வரிசை, வரிசைக்குப் பத்துச் சதுரம். எல்லாச் சதுரமும் ஒரே அளவு. முதல் வரிசைச் சதுரங்கள் பிளவின்றி முழுமையாய் நிற்கும். இரண்டாம் வரிசையில் ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு நெடுங்கோடு இரண்டாகப் பிளக்கும். மூன்றாம் வரிசையில் மூன்று சம பங்கு, நான்காவதில் நான்கு, பத்தாவதிற் பத்து. பிள்ளை மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாற் போதும். பங்கின் எண்ணிக்கை பெருகப் பெருகப் பங்கு ஒடுங்கிக்கொண்டே போவதை ஒருவரும் சொல்லாமலே காணும். மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா பெரிது என்ற கேள்விக்கு அடுத்தடுத்த இரண்டு வரிசைகளே விடை. மூன்றாம் வரிசைக் கீற்று அகலம். நான்காம் வரிசைக் கீற்று ஒடுக்கம். ஏழு அரைகள் சேர்ந்தால் எத்தனை முழு என்றாலும், இரண்டாம் வரிசையில் ஏழு கீற்றை விரலால் எண்ணி மூன்று சதுரமும் ஒரு பாதியும் என்று பிள்ளை சொல்லிவிடும்.

அலகுப் பின்னங்களுக்கு இது போதும். மூன்றில் இரண்டு பெரிதோ நான்கில் மூன்று பெரிதோ என்று கேட்டால் இந்த அட்டவணை தடுமாறும். கீற்றுகள் ஒன்றற்கொன்று அருகில் வந்துவிடும், கண் ஏமாறும். மூன்றாவது அட்டவணை அதற்காக ஏற்பட்டது. இதிலே சதுரங்கள் நெடுக்கும் பிளவுறும், குறுக்கும் பிளவுறும். ஒரு திசையிற் செல்லச் செல்ல ஒரு வகைப் பிளவும், மற்றத் திசையிற் செல்லச் செல்ல மற்ற வகைப் பிளவும் கூடிக்கொண்டு போகும். கடைசி மூலையிலுள்ள சதுரத்தில் நூறு சிறு கட்டங்கள் இருக்கும். நெடுக்கே மூன்றும் குறுக்கே நான்குமாகப் பிளந்த சதுரத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு அறைகள். மூன்று நெடும் பத்திகளில் இரண்டை எடுத்தால் மூன்றில் இரண்டு. எண்ணினால் எட்டு அறை. நான்கு குறுக்கு வரிசைகளில் மூன்றை எடுத்தால் நான்கில் மூன்று. எண்ணினால் ஒன்பது அறை. நான்கில் மூன்றே பெரிது. எவ்வளவாற் பெரிது? ஓர் அறையால், அஃதாவது பன்னிரண்டில் ஒன்றால். பொது மடங்குகளுட் சிறியது என்றும், சமவலுப் பின்னம் என்றும் நாம் பெயர் சொல்லிப் பயமுறுத்துவன எல்லாம் இந்தச் சதுரத்துக்குள்ளே ஆரவாரமின்றி இருக்கின்றன. ஐந்தில் மூன்றையும் மூன்றில் இரண்டையும் இதே வழியிற் பதினைந்து அறைகளில் வைத்து எண்ணினால் ஒன்பதும் பத்தும் வரும். அன்பர்கள் ஒரு கொப்பித் தாளிற் கீறிப் பார்க்கலாம்.

வட்டத்தை விட்டுச் சதுரத்தை அவர் பற்றிக்கொண்டதன் நுட்பமும் இங்கே புலப்படும். அப்பத்தையோ உரொட்டியையோ போல வட்டத்தை அரையாக்கலாம், காலாக்கலாம். ஐந்தாகவோ ஏழாகவோ பிளப்பது பிள்ளையின் கைக்கு எளிதன்று. அதன்மேல் நெடுக்கும் குறுக்குமாக இரு பிளவை ஒரே வட்டத்தில் நிகழ்த்திச் சம பங்கு பெற முடியாது. சதுரமோ இரண்டுக்கும் இடங்கொடுக்கும். வடிவு கற்பதற்கும் அதுவே அடிப்படை, பின்னம் கற்பதற்கும் அதுவே அடிப்படை என்று அவர் கொண்டார்.

நான் தமிழ் கற்பிப்பவன். எனினும் சிறு பள்ளிகளில் ஆசிரியர் குறைவாய் இருந்த காலங்களிற் கீழ் வகுப்புகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது. வெண்கட்டியாற் சதுரம் கீறி இந்த முறையைக் கையாண்டபோது கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எல்லாச் சதுரமும் ஒரே அளவாய் இருத்தல் என்பதைப் பெஸ்டலோசி சும்மா வைக்கவில்லை. ஒரு சிறு மாம்பழத்தின் பாதியும் ஒரு பெரிய பலாப்பழத்தின் காலும் எதிரே இருந்தால் எது பெரிது என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பலாப்பழத்தின் கால் என்ற கட்சியையே பிள்ளைகளிற் பலர் சார்ந்தனர். அவர்கள் சொன்னதும் சரியே. முழுமை ஒன்றாய் இருந்தாலன்றிப் பங்கை ஒப்பிட முடியாது என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்ல அந்தப் பாடவேளை முழுவதும் சென்றது. செலவிட்டதற்கு நட்டம் இல்லை. கரும்பலகையில் அவசரத்திற் கீறும் இரண்டு சதுரங்களில் ஒன்று சிறுத்துவிட்டாற் கூடப் பிள்ளை பிழையான முடிவுக்கு வரும்.

சொல்லாராய்ச்சியில் எனக்குள்ள சபலத்தால் இன்னொன்றையும் குறிக்கிறேன். யேர்மன் மொழியிலே நான்கின் பெயரோடு ஒரு விகுதி சேர்ந்து காற்பங்குக்குப் பெயராகும். நாம் நான்கில் ஒன்று என்கிறோம். முழுமையை எத்தனையாகப் பிளந்தோம் என்பது முன்னே நிற்க, எத்தனை எடுத்தோம் என்பது பின்னே வருகிறது. செய்கை நிகழும் முறையிலேயே சொல்லும் நிகழ்கிறது. இது நம் மொழிக்குள்ள வாய்ப்பு. பழைய எண்சுவடிப் பெயர்களோ இன்னொரு வகை. கால், மா, காணி, முந்திரி என்னும் சொற்களில் இலக்கமே இல்லை. மா என்பது 20இல் 1. காணி 80இல் 1. முந்திரி 320இல் 1. இலக்கம் காதில் விழாதபடியாற் பகுதியெண் பெரிதென்று பிள்ளை மயங்க வழியில்லை. ஆனால் எது எதிற் பெரிது என்பதைச் சொல்லும் குறிப்பும் அப்பெயர்களில் இல்லை, மனனமே கதி. திண்ணைப் பள்ளிப் பிள்ளை ஒப்பித்தான். புர்க்டோர்ப்புப் பிள்ளை பார்த்தான்.

பார்த்தான் என்றேன். எவ்வளவு காலத்துக்குப் பார்த்தான் என்பது வேறு. பெஸ்டலோசியின் முறை பரந்தபோது நேர்ந்த விபரீதம் இதுவே. நூறு கட்ட அட்டவணையின் முன் பிள்ளைகளை நிறுத்தி, ஆசிரியர் கோலாலே தொட்டுக்காட்ட, ஒரே குரலில் நீண்ட நீண்ட வாக்கியங்களைப் பிள்ளைகள் ஓதத் தொடங்கினார்கள். நூலிலே பயிற்சிகளும் பக்கம் பக்கமாக அவ்வாறே அமைந்திருந்தன. மனனத்தை ஒழிக்க வந்த படம் மனனத்துக்குச் சுருதி போடும் பெட்டியாயிற்று. குற்றத்தில் ஒரு பங்கு அவருடையதே. எந்த ஆசிரியன் கையிற் கொடுத்தாலும் தானே இயங்கும் முறை ஒன்றை ஆக்கிவிடலாம் என்று அவர் ஆசைப்பட்டார். அத்தகைய முறை இல்லை. இத்தனைக்கும் உண்மைப் பொருளே படத்தினும் சிறந்தது என்பதை அறியாதவர் அல்லர். யன்னல் இருக்கும்போது யன்னலின் படத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று ஒரு சிறுவன் கேட்டானாம். அவன் கேட்டது நியாயம் என்று படத்தை வைத்துவிட்டு யன்னலையே காட்டினார் என்பர்.

1804இலே புர்க்டோர்ப்பை விட்டு நீங்க நேர்ந்தது. சிறிது காலத்தில் இவெர்டன் நகரத்துக் கோட்டையிலே புகழ்பெற்ற அவருடைய கல்விக்கூடம் நிலைபெற்றது. இருபது ஆண்டுகள் ஐரோப்பா அங்கே யாத்திரை போயிற்று. 1809 அளவிலே பல தேசத்து மாணவர் நூற்றைம்பதுக்கு மேல் இருந்தனர். பிரசிய அரசு தன் இளம் ஆசிரியர்களை அனுப்பி வைத்தது. புரோபெல் 1808 முதல் 1810 வரை அங்கே தங்கினார். பின்னாளிலே புரோபெல் செய்த விளையாட்டுப் பொருள்களில், எட்டுச் சிறு கனங்களாகப் பிரியும் மரக்கனம் ஒன்று உண்டு. அரை, கால், அரைக்கால் மூன்றையும் பிள்ளை கையாற் பிரித்துப் பிரித்துச் சேர்க்கும். சதுரம் தாளை விட்டு எழுந்து கனமான வரலாறு அது. கேத்திரகணித மேதையான யாக்கோப் ஸ்டைனர் உழவர் வீட்டுப் பிள்ளை. பதினெட்டு வயதில் இவெர்டனுக்கு வந்து கணக்கிலே கண் திறக்கப்பெற்றார். அமெரிக்காவிலே வாறன் கோல்பேண் என்பவர் 1821இற் சிறுவருக்கு எழுதிய கணக்கு நூலைப் பெஸ்டலோசியின் முறையிலேயே அமைத்தார். ஒரு நூற்றாண்டு கழிந்து மரியா மொண்டிசோரி அம்மையார் முழு வட்டம் முதற் பத்திலொன்று வரை தகட்டாற் பங்குகள் செய்து குழந்தைகளின் கையிற் கொடுத்தார். அந்த அம்மையார் 1939இற் சென்னைக்கு வந்து, 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்கு விரிவுரை செய்தவர். அவர் வட்டத்தைத் தெரிந்தார். நான் கிழவருடைய சதுரத்தின் கட்சி.

இவெர்டனைப் பற்றி வந்த எதிர்ப்பையும் மறைக்கக்கூடாது. 1809இலே கல்விக்கூடத்தைச் சோதிக்க வந்தவர்களுள் கிறார் என்ற துறவி ஒருவர். அவரும் பிள்ளைகளுக்கு உழைத்த பேராசிரியர். இங்கே கணக்கின் ஆட்சி அளவு மீறியிருக்கிறதே என்று அவர் வருந்தினார். இரண்டும் இரண்டும் நான்கு என்பதுபோல நிறுவப்படாத எதையும் என் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்பது பெஸ்டலோசியின் விடை. அப்படியானால் எனக்கு முப்பது புதல்வர் இருந்தாலும் ஒருவனையும் உம்மிடம் விடமாட்டேன் என்ற கருத்திலே துறவி மறுமொழி சொன்னார். தாயன்பையும் நன்றியையும் அவ்வாறு நிறுவ முடியாதே என்பது அவர் கவலை. இருவரில் யார் பக்கம் என்று கேட்டால், மொழியாசிரியனாகிய எனக்குத் துறவியின் பக்கம் ஒரு சாய்வு உண்டு. ஆனாற் பின்னம் விளங்காத பிள்ளை ஏமாற்றுக்காரக் கடைக்காரன் முன் நிற்பதை நினைத்தாற் சாய்வு குறைந்துவிடும். ஏழைப் பிள்ளைக்குக் கணக்கு ஒரு கவசம் என்பதைத் துறவியினும் பெஸ்டலோசி நன்கறிந்திருந்தார்.

அரசர்களோடு அவருக்கு நேர்ந்த சந்திப்புகள் வேடிக்கையானவை. 1802இல் நாட்டுப் பிரதிநிதியாகப் பாரிசுக்குப் போய் நெப்போலியனிடம் கல்வியைப் பற்றிப் பேச விரும்பினார். அரிச்சுவடி விவகாரத்துக்கு நேரமில்லை என்று நெப்போலியன் தட்டிவிட்டார். 1814இற் கோட்டையைப் படை வைத்தியசாலையாக்க முற்பட்டபோது, பேசல் நகரில் உருசியச் சக்கரவர்த்தி அலெக்சாந்தரைக் கண்டார். வந்த காரியத்தை மறந்து, உருசியக் குடியானவரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று பேசத் தொடங்கினார். பேச்சின் வேகத்திற் கிழவர் முன்னேற, சக்கரவர்த்தி பின்வாங்கிச் சுவரோடு சாய்ந்தார் என்பர். மேலங்கிப் பொத்தானைப் பிடிக்க நீண்ட கை நடுவிலே நாணி நின்றதாம். சக்கரவர்த்தி அவரை அணைத்துக்கொண்டார். கோட்டை தப்பியது.

கோட்டைக்குள்ளே மூண்ட பகையைத் தீர்க்க எந்தச் சக்கரவர்த்தியும் வரவில்லை. இடைச்சிறுவனாக வந்து கணக்கில் மேதையான சிமிட் ஒருபுறம், கற்றறிந்த நீடரர் மறுபுறம். இருவரையும் மக்களாகப் பாவித்த கிழவர் நடுவே நைந்தார். 1815 டிசெம்பரில் மனைவியார் காலமானார். குரூசியும் பிரிந்துபோனார்; நீடரரும் பிரிந்தார். தம் நூல்களின் பதிப்பால் வந்த பணத்தைக் கொண்டு 1818இல் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி ஒன்றை அருகே திறந்தார். அது ஓராண்டு தனியே நின்றது. வழக்குகள் நடந்தன. 1825இல் இவெர்டன் கல்விக்கூடம் மூடுண்டது. எழுபத்தொன்பது வயதுக் கிழவர், ஐம்பது ஆண்டுக்கு முன் பிச்சைக்காரப் பிள்ளைகளைக் கூட்டிய அதே நொய்ஹோப்புக்குத் திரும்பினார். அங்கே இறுதி நூல்களை எழுதினார். தம் தவறுகளை ஒளிக்காமல் எழுதினார். அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஒருவர் கொடுமையான கண்டன நூல் ஒன்றை வெளியிட்டார். மறுமொழி எழுத வேண்டும் என்று துடித்த நிலையிலே நோய் முற்றியது. வைத்திய வசதிக்காகப் பக்கத்து நகரமான புருக்குக்குப் பனியிலே கொண்டுபோனார்கள். 1827 பெப்ரவரி 17ஆந் திகதி அங்கே உயிர் நீத்தார்.

பிர் ஊரிலே பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் அவரை அடக்கஞ் செய்தனர். அயற் கிராமங்களின் உபாத்தியாயர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்திருந்தனர். பெருமக்கள் பலருக்குச் செய்தி எட்ட முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. நெடுங்காலம் அந்தச் சமாதியின் மேல் ஒரு ரோசாச் செடி மாத்திரம் நின்றது. அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்த 1846இல், ஆர்காவ் மாநிலத்தார் அங்கே புதிய பள்ளிக்கூடம் ஒன்றை எழுப்பி, அதன் சுவரிலேயே அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தனர்.